ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் சிந்தெடிக் ஏடிஎஃப்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

சிந்தெடிக் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) மாற்றியதும் கியர் விழுவதே தெரியவில்லை என்பார் ஒருவர். சிந்தெடிக் ஊற்றிய இன்னொருவர், முன்பு இல்லாத ஜெர்க் இப்போது வருகிறது என்பார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இருவர் ஊற்றியதும் சிந்தெடிக்தான், எந்த ஸ்பெசிஃபிகேஷன் ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள், எந்தச் சூட்டில் அளந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. எந்த அறிகுறி வந்தாலும், கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் சரிபார்த்துவிட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கியர் படிகளே இல்லாத சிவிடி வேறு ஜாதி. அதில் இரும்பு பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டால்தான் வண்டி நகரும். நிசான் என்எஸ்-3, ஹோண்டா எச்சிஎஃப்-2 போன்ற ஆயில்கள் அந்தப் பிடிப்புக்காகவே செய்யப்பட்டவை. அங்கே ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லியில் கோடு விழும். பிறகு சரியான ஆயிலுக்கு மாற்றினாலும் விழுந்த கோடு போகாது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் ஏஎம்டிக்கும் அதனதன் ஆயில் தனியாக உண்டு.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை: அளவு

ஏடிஎஃப் சூடானால் விரியும். கியர்பாக்ஸில் இருக்கும் 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 350 முதல் 400 மில்லி கூடிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே உள்ள அளவும் பல வண்டிகளில் இதை ஒட்டித்தான் இருக்கும். குளிர்ந்த வண்டியில் 'ஹாட்' கோடு வரை ஊற்றிவிட்டால், ஓடிச் சூடானதும் அளவு மீறிவிடும்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், ஆயில் 70–80 டிகிரி வரும்வரை ஓட்டி, மட்டமான தரையில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று விநாடி வைத்து 'பி'க்குத் திரும்புங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூல் பிரியாத துணியால் துடைத்து அளக்க வேண்டும். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் குறைவாகக் காட்டும் பக்கமே சரி. மற்றது குழாயில் ஒட்டியிருந்த ஆயில். ஹோண்டா ஆட்டோமேட்டிக்குகளில் முறை நேர்மாறு: சூடான பிறகு இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் அளக்க வேண்டும். ஓடும்போது அளந்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் ஓவர்ஃப்ளோ பிளக் (மிகுதி ஆயில் வழிந்து வெளியேறும் துளையின் மூடி) வழியாக அளவு வைப்பார்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

1. வண்டியை நான்கு பக்கமும் மட்டமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு பொய்யாகும்.
2. பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், ஆயில் இல்லாத வண்டி அப்படியே நிற்கும்.
3. இறக்கிய ஆயிலை அளவு ஜாடியில் அளந்து, அதே அளவுக்கு அரை லிட்டர் கூட்டி ஊற்றுங்கள்.
4. ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்தபடி இன்ஜினை ஓட விட்டு, எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுங்கள்.
5. கம்பெனி சொன்ன வெப்பநிலை வந்ததும், இன்ஜின் ஓடும்போதே ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறங்கள். ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி செய்யும் 6 ஸ்பீடு, 8 ஸ்பீடு கியர்பாக்ஸ்களுக்கு இது 30–50 டிகிரி. டபிள்யூஎஸ் ஆயில் போடும் டொயோட்டா 6 ஸ்பீடுகள் பலவற்றில் 40 டிகிரியை ஒட்டி. முதலில் தாரையாக வரும், பிறகு நூலாக மெலியும். சொட்டுச் சொட்டாக மாறும் தருணத்தில் மூடுங்கள். எதுவுமே வரவில்லையென்றால் ஆயில் குறைவு. மேலே ஊற்றிவிட்டுத்தான் மூட வேண்டும்.
6. பிளக்கின் வாஷர் புதிதாக இருக்கட்டும். டார்க் ரெஞ்சில் கம்பெனி அளவுக்கு இறுக்குங்கள். ஹோண்டா டிரெய்ன் பிளக்குக்கு 49 நியூட்டன் மீட்டர். இசட்எஃப் பிளாஸ்டிக் பேனின் (கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போல்ட்டுகளுக்கு வெறும் 10. இந்த 10ஐக் கையால் உத்தேசமாக இறுக்கியதால் விரிசல் விட்ட பேன்கள் ஏராளம்.

வெப்பநிலை தாண்டிவிட்டால் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. 65 டிகிரியில் திறந்தால் விரிந்த ஆயில் வழிந்து போய், குளிர்ந்ததும் குறைவாக நிற்கும். மறுநாள் காலையில் கியர் தாமதமாக விழும். பழி புது ஆயிலின் மேல் விழும். அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடங்குவதுதான் வழி.

60–80 கி.மீ. வேகத்தில் லேசான நடுக்கம்

ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது, சாலையில் வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவது போல ஓரிரு விநாடி அதிர்வு வரும். ஆர்பிஎம் முள் 100–200 ஏறி இறங்கும். பலர் இதை வீல் பேலன்ஸ் என்று நினைத்து டயர் கடைக்குப் போகிறார்கள், அல்லது ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பின்னால் வண்டி வராத நேர்சாலையில், நடுக்கம் வரும் அந்த நொடியில், ஆக்சிலரேட்டரை எடுக்காமல் பிரேக் பெடலைப் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் சிக்னல் போனதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் கோளாறு லாக்கப் கிளட்ச்சில். தொடர்ந்தால் இன்ஜின் மிஸ்ஃபயர், ஆக்சில் அல்லது டயர் பக்கம் தேடுங்கள். ஸ்கேனர் இருந்தால் கன்வெர்ட்டர் ஸ்லிப் ஆர்பிஎம்மையும் பாருங்கள். நடுங்கும்போது அந்த எண் நிலையாக நிற்காமல் அலையும்.

காரணம் ஆயிலின் உராய்வு குணம். லாக்கப் கிளட்ச் இன்றைய வண்டிகளில் எரிபொருள் மிச்சத்துக்காகச் சிறிது வழுக்கியபடியே பிடிக்கும்படி இயக்கப்படுகிறது. ஆயிலில் உள்ள உராய்வுச் சேர்மானங்கள் உழைத்துத் தேய்ந்ததும், அந்தத் தட்டு சீராக வழுக்காமல் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுத் துடிக்கும். ஈரம் சேர்ந்தாலும் இதே கதிதான். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கம்பெனியின் 8எல்90, 8எல்45 கியர்பாக்ஸ்களில் இதுதான் நடந்தது: ஆயில் ஈரத்தை உறிஞ்சியதால் நடுக்கம் வந்தது. மொபில் 1 சிந்தெடிக் எல்வி ஏடிஎஃப் எச்பி ஆயிலைப் போட்டுப் பழையதை முழுதாக வெளியேற்றும்படி 2019இல் கம்பெனியே டீலர்களுக்குச் சொன்னது. சிந்தெடிக் ஆயில் நிஜமாகவே மருந்தாக வேலை செய்யும் இடம் இது.

ஆனால் ஒருமுறை டிரெய்ன் செய்து ஊற்றினால் போதாது. ஆயிலில் பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும், கிளட்ச்களுக்கு ஆயில் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் வால்வு பாடியிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு டிரெய்னில் 40 விழுக்காடு மாறும் என்று வைத்தால், இரண்டாவதில் 64, மூன்றாவதில் 78 விழுக்காடு புதிதாகும். டிரெய்ன்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிச் சூடாக்கி எல்லா கியரையும் போட்டால்தான் உள்ளே கலக்கும். மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 5 லிட்டர் ஆகும். பிறகும் தட்டின் மேற்பரப்பு ஊறிச் சரியாகச் சில நூறு கிலோமீட்டர் தேவைப்படும். முதல் நாளே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அதன் பிறகும் குறையவில்லை, ஸ்கேனரில் பி0741 என்ற லாக்கப் கிளட்ச் பிழைக் குறியீடும் வருகிறது என்றால் லாக்கப் தட்டு கருகிப் பளபளத்திருக்கலாம், அல்லது லாக்கப் சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), வால்வு பாடி துளை தேய்ந்திருக்கலாம். ஆயில் இதற்கு மேல் எதுவும் செய்யாது. டியூபில் விற்கும் உராய்வுச் சேர்மானங்கள் நடுக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். ஆனால் சரியான ஸ்பெக் ஆயிலின் மேல் அதை ஊற்றினால், நன்றாக இருந்த மற்ற கிளட்ச்களும் வழுக்கத் தொடங்கும் அபாயம் உண்டு. வண்டியை வைத்துக்கொள்ள நினைப்பவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆயில் மாற்றிய மறுநாளே ஜெர்க்

முதலில் அளவு, மேலே சொன்னபடி. அளவு சரியென்றால் அடுத்தது கம்ப்யூட்டர். பழைய ஆயில் மெல்ல மெல்லக் கெட்டபோது, ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் அதற்கேற்ப மாற்றிக்கொண்டே வந்திருக்கும். புது ஆயிலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஸ்கேனரில் அடாப்டேஷனை ரீசெட் செய்யுங்கள். பிறகு ஆயில் சூடான நிலையில், ஆக்சிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் மிதிக்காமல், நின்ற இடத்திலிருந்து டாப் கியர் வரை போய், மெல்ல பிரேக் போட்டு முழுதாக நிறுத்துங்கள். இதையே பத்துப் பன்னிரண்டு தடவை செய்ய வேண்டும். அவசரமாக முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டினால் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளாது.

இதற்கும் சரியாகவில்லையென்றால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். 'சிந்தெடிக்' என்ற சொல் அடிப்படை ஆயிலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கியர்பாக்ஸுக்கு முக்கியம் பிசுபிசுப்பும் உராய்வுக் குணமும். 100 டிகிரியில் ஜிஎம் வகுத்த பழைய டெக்ஸ்ரான் 3 ஆயிலின் பிசுபிசுப்பு ஏறக்குறைய 7.5 சென்டிஸ்டோக் (எண் கூடினால் கெட்டி), 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6க்கு உச்சவரம்பே 6.4; டொயோட்டா டபிள்யூஎஸ் ஐந்தரையை ஒட்டி; 10 ஸ்பீடுகளுக்கான யூஎல்வி எனும் மிக மெல்லிய ஆயில்கள் 4.5 அளவில். மெல்லிய ஆயில் கேட்கும் பெட்டியில் கெட்டியானதை ஊற்றினால் குளிரில் சோலனாய்டு மந்தமாகி, கியர் தாமதமாக விழுந்து இடிக்கும். கெட்டியானது கேட்கும் பழைய பெட்டியில் மெல்லியதை ஊற்றினால் தேய்ந்த வால்வு இடுக்குகள் வழியாக அழுத்தம் கசிந்து, சூட்டில் வழுக்கும்.

புதியது எப்போதும் பழையதற்கு மாற்று என்றும் எண்ணக் கூடாது. ஜிஎம் கியர்பாக்ஸ்களில் டெக்ஸ்ரான் 3க்குப் பதில் டெக்ஸ்ரான் 6 போடலாம். ஹோண்டாவில் இசட்-1க்குப் பதில் டிடபிள்யூ-1 போடலாம். ஆனால் டொயோட்டாவில் டி-4 கேட்கும் பெட்டிக்கு டபிள்யூஎஸ் கூடாது, அதற்கு நேர்மாறும் கூடாது. எல்லா வண்டிக்கும் என்று வரும் மல்டி வெஹிகிள் ஆயில்களில், 'பொருந்தும்' என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வதும், கார் கம்பெனி அங்கீகாரம் கொடுத்திருப்பதும் ஒன்றல்ல. உரிமம் பெற்ற டெக்ஸ்ரான் 6 டப்பாவில் ஜே என்று தொடங்கும் உரிம எண் அச்சாகியிருக்கும்.

காலையில் கியர் போட்டால் வண்டி நகரத் தாமதம்

டொயோட்டா சர்வீஸ் கையேடுகள் தரும் அளவுகோல் பயனுள்ளது: ஆயில் சூடான நிலையில் 'என்'னிலிருந்து 'டி'க்குப் போட்டால் 1.2 விநாடிக்குள், 'ஆர்'க்குப் போட்டால் 1.5 விநாடிக்குள் கியர் விழுந்த அதிர்வு தெரிய வேண்டும். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள்.

கடுங்குளிரில் மட்டும் தாமதம், சூடானால் சரி என்றால் சிந்தெடிக் உதவும். மைனஸ் 40 டிகிரியில் டெக்ஸ்ரான் 3க்கு அனுமதித்த பிசுபிசுப்பு 20,000 சென்டிபாய்ஸ்; டெக்ஸ்ரான் 6க்கு 15,000. ராத்திரி முழுக்க நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தாமதம் என்றால் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் கீழே வடிந்துவிடுகிறது. ரிவர்ஸ் மட்டும் தாமதம் என்றால் அந்த கிளட்ச்சின் ரப்பர் சீல் கெட்டித்திருக்க வாய்ப்பு அதிகம். கெட்டித்த ரப்பரை எந்த ஆயிலும் இளக்காது.

ஃபில்டரும் சேர்த்து மாற்றிய பிறகு எல்லா நேரமும் தாமதம், கூடவே பம்பிலிருந்து 'ஙீ...' என்ற முனகல் என்றால், பேனைத் திரும்பக் கழற்றி ஃபில்டர் கழுத்தைப் பாருங்கள். பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதியதை அதன் மேல் தள்ளியிருப்பார்கள். ஃபில்டர் முழுதாக உட்காராமல் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை

திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் என்றால் ஆயில் குறைவு. உறிஞ்சும் வாய் காற்றைப் பிடிக்கிறது. நீண்ட வேக ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் என்றால் அளவு அதிகமா என்று பாருங்கள். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தம் கொடுக்காது. டிப்ஸ்டிக்கில் குமிழிகள் தெரிந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் வழுக்கினால், வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு விட்டு அரை மணி வையுங்கள். கறை விரிந்து, மங்கிய சிவப்போ பழுப்போ காட்டினால் ஆயில் வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு சீக்கிரமே மங்கும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இசட்எஃப் லைஃப்கார்டு 8 ஆயில் புதிதிலேயே பச்சை. கறை விரியாமல் நடுவில் கரும்புள்ளியாக நின்று, கருகிய வாடையும் வந்தால் கிளட்ச் தட்டின் உறை ஆயிலில் கரைந்துகொண்டிருக்கிறது.

அதிக கி.மீ. ஓடிய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பயம் பரவலாக உள்ளது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பிறகுதான் மாற்றவே நினைக்கிறார்கள். வழுக்காத வண்டியில் மாற்றத் தயங்க வேண்டாம். ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தோடு ஃப்ளஷ் செய்யாதீர்கள். பல வருடத்துப் படிவு பெயர்ந்து வால்வு பாடியின் நுண்துளைகளில் அடைக்கும். ஒரு டிரெய்ன், 1,000 கி.மீ. ஓட்டம், பேனும் ஃபில்டரும் மாற்றி இன்னொரு டிரெய்ன் என்று நிதானமாகப் போங்கள். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கார் கம்பெனிகள் எழுதும் கியர்பாக்ஸ்களுக்கே, அவற்றைச் செய்யும் இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

சூடு எச்சரிக்கை, ஆயில் அதிகச் சூடு என்ற பிழைக் குறியீடு பி0218

75–95 டிகிரி இயல்பு. 120 தாண்டி நெடுநேரம் ஓடினால் வார்னிஷ் படியத் தொடங்கும். சிந்தெடிக் அந்தச் சூட்டை அதிக நேரம் தாங்கும், சூட்டைக் குறைக்காது. கூலர் வெளிப்பக்கத் தூசியையும் ஃபேனையும் பார்த்த பிறகு, கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் விட்டு ஓட்டத்தை அளக்கலாம். பழைய ஜிஎம் கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு 30 விநாடியில் ஏறக்குறைய 2 லிட்டர் வர வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு உள்ள வண்டியில் ஆயில் சூடாகாமல் அளந்தால் ஒன்றும் வராது. அடைப்பு என்று ஏமாறாதீர்கள்.

மாற்றிய பிறகு கசிவு

சிந்தெடிக்தான் சீலைக் கெடுத்தது என்பது பெரும்பாலும் தவறு. கசியும் இடம் காரணத்தைச் சொல்லும். பேன் ஓரமென்றால் கேஸ்கட்டை அளவு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சிவப்பாகச் சொட்டினால் பம்ப் சீல். இசட்எஃப் 6 ஸ்பீடில் வயர் கனெக்டர் பக்கம் ஈரமென்றால் அங்குள்ள பிளாஸ்டிக் ஸ்லீவின் ஓ-ரிங். மேலே மூச்சுக்குழாயில் வழிந்தால் அளவு அதிகம். திரும்ப அளவு பார்க்கத் தொடங்குங்கள்.

பால் கலந்த இளஞ்சிவப்பு, அல்லது பேனில் உலோகம்

இந்த இரண்டுக்கும் வண்டியை ஓட்டக் கூடாது, டோ செய்யுங்கள். இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. 2005–2010 நிசான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் இந்தக் கோளாறு பேர்போனது. கூலன்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் கிளட்ச் உறையை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். ஆகவே முதலில் ரேடியேட்டர், பிறகு இன்ஜின் ஓடாமல் டிரெய்ன், பிறகு பல முறை முழு மாற்றம். கூலன்டோடு ஓடிய தூரம் குறைவாக இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸ் பிழைக்கும்.

பேன் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் மாவாகக் குழையும். விரலில் குத்தும் சில்லோ, காந்தம் பிடிக்காத மஞ்சள் துகளோ இருந்தால் பேரிங்கும் புஷ்ஷும் போகின்றன. அதன் மேல் விலையுயர்ந்த சிந்தெடிக்கை ஊற்ற வேண்டாம். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்கும்போது கூலரையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் மெல்லிய குழாய்களில் தங்கிய துகள் கழுவினாலும் முழுதாகப் போகாது, புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸுக்குள் முதல் நாளே போய்ச் சேரும்.